பத்தாவது இடம்

பனகல் சாலையில், பெரியாஸ்பத்திரிக்கு எதிரே,
பதினொன்றரைக்கும் அடுப்பு அணையாத பரோட்டாக் கடை.
மாதத்தின் முதல் சனி, கடைசி மேசை எங்களுக்கு.
நாலு பேர், சில சமயம் ஐந்து.
சிறந்த நாவல் பத்து, இன்றைக்கு முடித்துவிடுவது என்று
போன ஆவணியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"பலகை மிதந்த ஊருங்க இது" என்றார் சுப்ராம்.
தகுதி உள்ளவனுக்கு ஒரு சாண் நீளுமாம்,
இல்லாதவனைக் குளத்தில் தள்ளுமாம்.
எங்கள் மேசை யாருக்கும் நீளாது.
ஒரு கால் குட்டை. அதற்கடியில் மடித்திருப்பது
போன தேர்தல் நோட்டீஸ்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் பார்ப்பவன்,
எண் போட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது.
பில் தாளின் முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று.

சுப்ராமுக்குச் சாயப்பட்டறைக் கணக்கு.
"ரெண்டாந்தரம் நனைச்சாலும் நிக்கணும்ங்க.
மொத நாள் மினுங்குற சரக்கு ஆயிரம் பாத்தாச்சு."
மும்தாஜ், உயர்நீதிமன்றக் கிளையில் தட்டச்சர்.
பகலெல்லாம் தீர்ப்பு அடிக்கிறவள்.
முடிவில் யார் யோக்கியன் என்று தெரிந்துவிட்டால்
அந்த நாவலுக்கு அவள் ஓட்டு கிடையாது.
செல்வின், ஐந்நூறு பக்கத்துக்குக் கீழே
எதையும் நாவல் என்று கூப்பிட மாட்டான்.
"அதெல்லாம் நீட்டிச் சொன்ன தாக்கல்ணே."

கிணறு வெட்டுகிறவன் கதைக்கு மூன்றாம் இடம்.
முந்நூற்றுப் பத்துப் பக்கம், தண்ணீரே வராது.
செல்வின் எதிர்த்தான்.
"ஆழத்தையும் கூட்டிக்க" என்றாள் மும்தாஜ்.
ஜமீன் யானையை ஏலம் விடும் கதைக்கு நாலா ஏழா என்று
சத்தம் கூடும்போது கல்லில் கொத்து விழுந்தது.
இரண்டு கரண்டிச் சத்தத்துக்கு நடுவே
செல்வின் சொன்ன ரொம்ப நல்ல காரணம் ஒன்று
யார் காதிலும் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னோம்.
"வேகம் போச்சு" என்றான். யானை ஏழில் நின்றது.

ஒன்பது ஆனபோது ஒச்சம்மாள் வந்தாள்,
ராத்திரி ட்யூட்டியின் தேநீர் அரைமணியில்,
டெட்டால் வாசனையோடு.
பத்துக்கு ஒரு பேர் சொன்னாள்.
யாரும் கேள்விப்பட்டதில்லை.
அட்டை போன புத்தகம், எழுதியது யாரென்று அவளுக்கே தெரியாது.

எலும்பு முறிவு வார்டு, நாற்பத்திரண்டாம் கட்டில்,
செக்கானூரணிப் பக்கத்து லாரி டிரைவர்.
ஒரு கால், இரண்டு கை, மூன்றிலும் மாவுக்கட்டு.
பக்கம் புரட்ட ஆளில்லை.
வார்டு அடங்கியபின் பத்துப் பத்துப் பக்கமாய் இவள் வாசித்தாள்.
"அந்த மச்சினன் பய கையெழுத்துப் போடக் கூடாதுங்குறேன்" என்று
கதைக்குள் இருப்பவனோடு மல்லுக்கு நிற்பாராம்.
நாற்பது பக்கம் மிச்சமிருந்த ஒரு விடியலில்
காலில் கட்டியிருந்த ரத்தம்
நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

"அப்புறம்?" என்றான் செல்வின்.
நாவலைத்தான் கேட்டான்.
"தெரியாது. மேல படிக்கல."

முடிக்காத நாவலுக்கு ஓட்டுப் போடலாமா?
கூடாது என்றார் சுப்ராம். முதல் நனைப்பே முடியவில்லையே.
மும்தாஜ் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.
மச்சினன் கையெழுத்துப் போட்டானா இல்லையா,
எனக்கு அதுவே ஓடியது.
பேனாவை வைத்துவிட்டுச் சொன்னேன்:
யானை ஏலத்தை நான் பாதியில் விட்டவன்.
ஐந்தாவதை வாங்கியதோடு சரி.

கொஞ்ச நேரம் சால்னா ஆறியது.
பிறகு செல்வின் ஒன்றை அடிக்கச் சொன்னான்,
மும்தாஜ் இரண்டை.
சுப்ராம் முதலிடத்தின் மேல் விரலை வைத்து,
"கல்யாணத்துக்கு முன்ன படிச்சது.
ஒரு வரி நெனப்பில்லீங்க."

காஜா மைதீன் பாதி விளக்கை அணைத்தார்.
முந்நூற்று அறுபது ரூபாய்.
பில்லை வாங்கி, முதுகைப் பார்க்காமல்,
கல்லாவின் கம்பியில் குத்தினார்.
எந்த எண்ணைத் துளைத்தது என்று எட்டிப் பார்ப்பதற்குள்
வேறு மேசையின் பில் மேலே ஏறிவிட்டது.

சாலையைக் கடக்க நின்றபோது ஒச்சம்மாள் சொன்னாள்:
"அந்தக் கட்டில்ல இப்ப வேற ஆளு.
மொதல்ல இருந்து வாசிங்கன்றாரு.
இருநூறு தாண்டியாச்சு."

ஆம்புலன்ஸ் ஒன்று போகும்வரை பொறுத்து
செல்வின் கேட்டான்,
"மொத்தம் எத்தன பக்கம்க்கா?"